நைனித்தாலின் முதல் படகு

1842ஆம் ஆண்டில் குமாவோன் மலைச்சரிவு ஒன்றில் ஒரு படகு மனிதர்களின் தோள்மீது ஏறிக்கொண்டிருந்தது. சமவெளியிலிருந்து புறப்பட்ட அப்படகு சேரவேண்டிய இடம், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,940 மீட்டர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே கிடந்த ஓர் ஏரி. படகின் உரிமையாளர் பாரன் என்னும் ஆங்கிலேயர். ஷாஜகான்பூர்ப் பகுதியில் சர்க்கரை வணிகம் செய்தவர். வணிகத்திற்காகவோ போருக்காகவோ அவர் படகை மலையேற்றவில்லை. ஓய்வு நாளொன்றில் அந்த ஏரியின்மீது மிதந்து வரவேண்டும் என்பதே அவருடைய விருப்பம். நைனித்தால் ஏரியில் உல்லாசப் படகோட்டத்தின் வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த நகரத்தின் நிலவுரிமை வரலாறும் இதே படகில் ஏறிக்கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இன்று நைனித்தாலுக்குச் செல்லும் எவரும் முதலில் செய்வது படகேறுவதுதான். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட, சிறுநீரக வடிவ ஏரி அது. தென்கிழக்கு முனையில் தல்லிதால், வடமேற்கு முனையில் மல்லிதால். மூன்று புறமும் மலைகள். வடக்கே 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்பது முன்பு சீனா சிகரம் என்றும் இப்போது நைனா சிகரம் என்றும் அழைக்கப்படும் மலை. துடுப்பு நீரைத் தொடும் ஓசையும் கரையோரக் கோயிலின் மணியோசையும் கலந்து கேட்கும் அந்தப் பொழுதில், இந்நீர்ப்பரப்பு ஒருகாலத்தில் யாருடையது என்ற கேள்வி பயணியின் மனத்தில் எழுவதில்லை. உல்லாசப் பயணத்தின் இயல்பே அதுதான். கண்முன் இருப்பதைக் காட்சியாக மட்டும் காணும் உரிமையை அது பயணிக்கு வழங்குகிறது. அந்த உரிமை எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதைத்தான் முதல் படகின் கதை சொல்கிறது.

நகரம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது நவம்பர் 18. 1841ஆம் ஆண்டு அந்த நாளில் பாரன் ஏரியைக் 'கண்டுபிடித்தார்' என்பது வழக்கமாகக் கூறப்படும் செய்தி. ஆனால் ஏரி அதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. ஸ்கந்த புராணத்தின் மானச காண்டம் இதனைத் திரிரிஷி சரோவரம் என்கிறது. அத்திரி, புலஸ்தியர், புலகர் ஆகிய மூன்று முனிவர்கள் தோண்டிய பொய்கை என்பது மரபு. சதி தேவியின் கண் விழுந்த இடம் என்னும் நம்பிக்கையால் கரையில் நைனா தேவியின் வழிபாடு நிலைத்தது. இப்பகுதி அமைந்திருந்த சகாதா பர்கனாவின் பெயரே 'அறுபது ஏரிகள்' என்ற பொருளுடைய சொல்லின் திரிபு எனக் கொள்ளப்படுகிறது. கோடையில் கால்நடை மேய்ப்போர் வந்து தங்கிய கரை அது; ஊர் இல்லாதிருந்தது உண்மை, உரியவர் இல்லாதிருந்தது என்பது வேறு செய்தி.

ஆங்கில அதிகாரிகளும் ஏரியை அறியாதிருக்கவில்லை. 1815இல் கூர்க்காக்களிடமிருந்து குமாவோன் கம்பெனியின் கைக்கு வந்தபின் அதன் ஆட்சியை நெடுங்காலம் நடத்திய டிரெயில் பாரனுக்கு முன்பே இங்கு வந்தவர் எனக் கருதப்படுகிறார். மலைமக்கள் புனிதமாகப் போற்றிய இடத்தில் ஐரோப்பியர் கூட்டம் சேர்வதை விரும்பாமல் அவர் அதைப் பற்றிப் பேசாதிருந்தார் என்பது தொடர்ந்து சொல்லப்படும் விளக்கம். ஆகவே பாரனின் தனிச்சிறப்பு ஏரியைக் கண்டதில் இல்லை. கண்டதை அச்சேற்றியதில் இருக்கிறது. ஆக்ராவிலிருந்து வெளிவந்த செய்தித்தாளில் எழுதிய பயணக் கட்டுரைகளை 1844இல் நூலாக்கினார். நூலில் அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர் 'யாத்ரிகன்' என்னும் பொருள் தரும் 'பில்கிரிம்'. தேவியின் ஏரிக்கு வந்த யாத்ரிகர்கள் பலர். பெயரையே யாத்ரிகன் என்று வைத்துக்கொண்டு வந்தவர் வீட்டுமனை தேடி வந்தார்.

மலைமக்கள் ஏரிக்கு வழிகாட்ட மறுத்தபோது பாரன் கையாண்ட உத்தி புகழ்பெற்றது. வழிகாட்டியின் தலையில் ஒரு பெரிய கல்லை ஏற்றி, நைனித்தாலில் கற்களே இல்லை, அங்கே கட்டடம் கட்ட இது தேவை, கீழே போட்டுவிடாதே என்று சொல்லிவிடுவது. சிறிது தூரம் சுமந்தபின் அந்த மனிதர் சலித்து, அங்கே கற்களுக்குப் பஞ்சமே இல்லை என்று வாய்விட்டுவிடுவார். இடம் தெரியாது என்ற அவரது கூற்று அத்துடன் பொய்த்துப்போகும். இக்கதை நகைச்சுவையாகவே சொல்லப்பட்டது, இன்றும் அவ்வாறே மீளச் சொல்லப்படுகிறது. ஆனால் சிரிப்பைச் சற்று விலக்கி வைத்துப் பார்த்தால் மிஞ்சுவது எளிய காட்சி: ஒருவர் சொல்ல விரும்பாத ஒன்றைச் சொல்லவைக்க அவர் தலைமீது பாரம் ஏற்றப்படுகிறது.

படகின் கதையும் இதே நகைச்சுவைத் தொனியில்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஏரியும் சுற்றியுள்ள நிலமும் தம்முடையவை என உரிமை கோரியவர் நர்சிங் என்னும் தோக்தார். தோக்தார் என்போர் பல ஊர்களுக்குத் தலைமை வகித்து, அவற்றிலிருந்து சில உரிமைப்பேறுகளைப் பெற்றுவந்த இடைநிலைத் தலைவர்கள். புதிதாக வந்த படகில் ஏறிப் பார்க்குமாறு பாரன் அவரை அழைத்தார். கரையைவிட்டு நடு ஏரிக்குப் போனதும் ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் அவரிடம் நீட்டி, ஏரியின்மீதும் நிலத்தின்மீதும் தமக்கு உரிமையில்லை என எழுதித் தரும்படி கேட்டார். மறுத்தால் நீரில்தான் விடப்படுவார் என்று அச்சுறுத்தினார். நர்சிங் எழுதிக் கொடுத்துவிட்டுக் கரை சேர்ந்தார். பின்னர் மாதம் ஐந்து ரூபாய் சம்பளத்தில் அவர் அங்கேயே பட்வாரியாக அமர்த்தப்பட்டார் என்பது கதையின் முடிவு. சொல்லப்படும் வடிவங்கள் சிறுசிறு விவரங்களில் வேறுபடினும், நடு ஏரி, பென்சில், கையெழுத்து ஆகிய மூன்றும் மாறுவதில்லை.

இக்கதையின் ஒவ்வொரு கூறும் ஆராயத் தக்கது. முதலாவது, இடம். கரையில் நர்சிங் தோக்தார். அவர் சொல்லுக்கு மதிப்பும் அவரைச் சுற்றி ஆட்களும் உண்டு. படகு இல்லாத ஏரியில் அவருக்கு நீந்தும் தேவையோ துடுப்புப் பழக்கமோ இருந்திருக்க வேண்டியதில்லை. படகில் கால் வைத்த கணத்தில் அவர் விருந்தாளி ஆகிறார். கரையிலிருந்து நூறு கஜம் விலகியதும் கைதி ஆகிறார். உல்லாசத்திற்கென வந்த கருவி அதிகாரத்தின் திசையை மாற்றப் போதுமானதாக இருந்தது.

இரண்டாவது, தாள். நர்சிங்கின் கோரிக்கை வெறும் பிதற்றல் என்றால் அதைக் கைவிடும் கையெழுத்து எதற்கு? இல்லாத உரிமையை யாரும் எழுதி வாங்குவதில்லை. அச்சுறுத்தியேனும் ஒரு கையெழுத்தைப் பெறவேண்டும் என்று பாரனுக்குத் தோன்றியதே அந்த உரிமைக்குக் கிடைத்த மறைமுகச் சான்று. கம்பெனி ஆட்சியின் சட்டப் பழக்கத்தில் எழுத்துக்கும் இசைவுக்கும் இருந்த மதிப்பை அவர் நன்கறிந்திருந்தார். ஒப்பந்தத்தின் உள்ளடக்கம் இசைவு அற்றது. வடிவம் மட்டும் இசைவு உடையது. குடியேற்ற ஆட்சியின் பல ஆவணங்களைப் படிக்கும் மாணவர்கள் இந்தப் பொருத்தமின்மையை அடிக்கடி எதிர்கொள்வார்கள். இங்கே அது பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது என்பதே வேறுபாடு.

மூன்றாவது, தொனி. நம்மை வந்தடைந்திருப்பது வென்றவர் தரப்பின் கதை. வெளிப்படையான வற்புறுத்தலை மறைக்காமல், விருந்து மேசையில் சொல்லத்தக்க வேடிக்கையாக அதைக் கூறும் துணிவு அதில் இருக்கிறது. எதைக் குற்றமாகக் கருதவில்லையோ அதைத்தான் ஒரு சமூகம் சிரித்துக்கொண்டே எழுதிவைக்கும். ஆகவே இக்கதையின் சான்று மதிப்பு, நிகழ்ச்சி சொன்னபடியே நடந்ததா என்பதை மட்டும் சார்ந்ததன்று. அது யாருக்கு நகைப்பூட்டியது என்பதும் வரலாற்றுச் செய்தியே.

இந்நிகழ்ச்சியை நிலவரி வரலாற்றுடன் சேர்த்துப் படிக்கும்போது அதன் எடை கூடுகிறது. 1823இல் டிரெயில் குமாவோனின் ஊர் எல்லைகளைப் பதிவுசெய்தார். விக்கிரம ஆண்டு 1880இல் நடந்ததால் அது 'அஸ்ஸி சாலா' பதிவு என்று மக்களால் அழைக்கப்பட்டது. விளைநிலத்தோடு மேய்ச்சல் வெளியும் காடும் ஊர் எல்லைக்குள் எழுதப்பட்டன. பின்வந்த தலைமுறைகள் காட்டுரிமை கோரி வழக்காடியபோதெல்லாம் சுட்டிக்காட்டியது இந்தப் பதிவைத்தான். ஆனால் அரசு, அந்த எல்லைகள் பெயரளவிலானவை என்றும் உழப்படாத நிலம் அனைத்தும் அரசுடையது என்றும் நிலைப்பாடு எடுத்தது. 1893 அக்டோபரில் குமாவோனின் அளக்கப்படாத நிலம் முழுவதும் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டபோது அந்நிலைப்பாடு சட்டமாயிற்று. அளக்கப்படாதது உரியவரற்றது என்னும் இந்தத் தர்க்கம், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு படகில் தனியொருவர் கையில் ஒத்திகை பார்க்கப்பட்டிருந்தது.

நர்சிங்கை எதிர்ப்பின் நாயகனாக உயர்த்துவதும் பொருந்தாது. தோக்தாரின் உரிமை வேறு, கரையில் ஆடுமாடு மேய்த்தவரின் பயன்பாடு வேறு, தேவிக்குப் பூசை செய்தவரின் உரிமை வேறு. இந்த மூன்றும் ஒரே நிலத்தில் அடுக்கடுக்காய் இருந்தன. படகில் பெறப்பட்ட தாள் இவற்றுள் ஒன்றை மட்டும் நீக்கியது. மற்ற இரண்டையும் கேட்கவேண்டிய தேவைகூட எழவில்லை. தோக்தார் ஐந்து ரூபாய்ப் பட்வாரியாக மாறியது இந்த மாற்றத்தின் சுருக்கம். முன்பு நிலத்தைத் தம்முடையது என்றவர், இனி அதே நிலத்தில் பிறருடைய மனைகளுக்குக் கணக்கெழுதுபவர்.

அதன்பின் நகரம் விரைந்து வளர்ந்தது. கமிஷனர் லுஷிங்டன் காலத்தில் மனைகள் வழங்கப்பட்டன. பாரனும் தமக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டார். 1845இல் நகராட்சி அமைந்தது. 1860களில் வடமேற்கு மாகாண அரசின் கோடைத் தலைநகராயிற்று. கோடை தோறும் வந்த அதிகாரிகளுக்கும் குடும்பங்களுக்கும் ஏரி ஒரு பொழுதுபோக்கு மேடை. நகரின் சாலை, ஏரிக்கரையில் மேல்மால் என்றும் கீழ்மால் என்றும் இரண்டாகப் பிரிந்தது. மேல் சாலை ஐரோப்பியருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை ஊரின் நினைவு இன்றும் வைத்திருக்கிறது.

படகில் உல்லாசமாகச் செல்வது ஐரோப்பியர் கொண்டுவந்த பழக்கம் எனக் கொள்ளவேண்டாம். காசியில் ஹோலிக்குப் பின்வரும் புட்வா மங்கல் விழாவில் கங்கையின்மீது அலங்கரித்த படகுகளில் இசையும் நடனமும் நிகழ்ந்தன. அவத் நவாபுகள் மயில் வடிவிலும் மீன் வடிவிலும் படகுகள் செய்வித்துக் கோமதியில் மிதந்தார்கள். முகலாயப் பேரரசர்களுக்குக் காஷ்மீரத்து தால் ஏரி இருந்தது. அங்கெல்லாம் நீரின் புனிதமும் நீரின் இன்பமும் ஒன்றையொன்று விலக்கவில்லை. மலைவாழிடங்களில் புதிதாக வந்தது, இயற்கையை உரியவரற்ற காட்சியாகக் கருதும் பார்வை. தமிழ் வாசகர்கள் நன்கறிந்த உதகை ஏரி 1820களில் ஜான் சல்லிவனாலும், கொடைக்கானல் ஏரி 1863இல் வெரி லெவிஞ்சாலும் அணைகட்டி உருவாக்கப்பட்டவை. அங்கே புதிய நகரத்திற்கெனப் புதிய ஏரி எழுந்தது. நைனித்தாலிலோ ஏற்கெனவே இருந்த ஏரி. அதில் படகு விடுவதற்கு முன் அதன் பழைய பொருளை ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது.

ஒதுக்கப்பட்டதை மலை ஒருமுறை நினைவூட்டியது. 1880 செப்டம்பர் 18, சனிக்கிழமை. இரண்டு நாள் அடைமழைக்குப் பின் ஷேர் கா தண்டா மலைச்சரிவு பெயர்ந்து விழுந்தது. விக்டோரியா விடுதி, அதன் கீழிருந்த கடை, கரையோர அசெம்பிளி ரூம்ஸ் என்னும் கேளிக்கை மண்டபம், நைனா தேவி கோயில் ஆகியவை புதைந்தன. 151 பேர் மாண்டனர். 43 பேர் ஐரோப்பியர், 108 பேர் இந்தியர். காலையில் நேர்ந்த சிறிய சரிவில் சிக்கியோரை மீட்கச் சென்றவர்களும் இவர்களுள் அடக்கம். சரிந்த மண் ஏரியின் வடமேற்கு ஓரத்தைத் தூர்த்து, இன்று 'ஃப்ளாட்ஸ்' எனப்படும் விளையாட்டுத் திடலை விரிவாக்கியது. கோயில் சில ஆண்டுகளில் ஏரிக்கரையில் மீண்டும் எழுப்பப்பட்டது. மழைநீரைச் சரிவுகளிலிருந்து ஒழுங்காக ஏரிக்கு இறக்கும் வடிகால் வலையமைப்பும் இந்தப் பேரிடரின் விளைவே. சரிவுகளில் கட்டடம் எழுப்புவதற்கு வரம்பு வேண்டும் என்ற விவாதம் அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை.

இவ்வளவையும் சொன்னபின், இந்த ஏரியில் பாய்விரித்துச் செல்வதன் அழகை மறுக்கவேண்டியதில்லை. 1910இல் நைனித்தால் யாட் கிளப் தொடங்கப்பட்டபோது அதற்கெனத் தேர்ந்தெடுத்த படகுகள் லிண்டன் ஹோப் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேய வடிவமைப்பாளரின் 'அரை ரேட்டர்'கள். 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர் அவர். ரேட்டர் என்பது 1880களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த அளவை. படகின் நீர்க்கோட்டு நீளத்தை அடிக்கணக்கிலும் பாயின் பரப்பைச் சதுர அடிக்கணக்கிலும் எடுத்துப் பெருக்கி 6,000ஆல் வகுக்கவேண்டும். விடை அரை என்றால் அது அரை ரேட்டர். நீளம் 15 அடியானால் பாய் 200 சதுர அடி வரை விரியலாம். நீளத்தைக் கூட்டினால் பாயைக் குறைக்கவேண்டும். சிறிய உடல், பெரிய பாய் என்னும் இந்த வடிவம் மென்காற்றுக்கு ஏற்றது. திடீர்க் காற்றில் ஆபத்தானது.

நைனித்தாலில் இரண்டுமே உண்டு. மூன்று புறமும் மலை சூழ, நீர் வெளியேறும் தல்லிதால் பக்கம் மட்டும் திறந்திருப்பதால், அந்த இடைவெளி வழியே ஏறிவரும் காற்று சரிவுகளில் மோதித் திரும்பித் திசை மாறுகிறது. நேராக எதிர்க்காற்றில் செல்ல எந்தப் பாய்க்கும் இயலாது. இடமும் வலமுமாகச் சாய்ந்து வளைந்துதான் முன்னேறமுடியும். கடலில் அரைமணி நேரம் ஒரே திசையில் பிடிக்கும் பாயை இந்தச் சிறிய ஏரியில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றிக் கட்டவேண்டும். நீரின் மேற்பரப்பு கறுத்து வருவதைக் கண்டு காற்றின் வரவை அறிவதும், சுக்கானைப் பிடித்த கை சொல்லாமலே அதற்கு இசைவதும் பல பருவங்களில் வாய்க்கும் கலை. அந்தக் கலை கைவந்தவருக்கு ஓர் ஓய்வுநாள் முழுதும் அந்த ஏரியில் போதாது.

ஆனால் அந்த ஓய்வைத் தாங்கிய உழைப்பையும் அதே காட்சிக்குள் வைத்துப் பார்க்கவேண்டும். குமாவோனில் அதிகாரிகளின் சுமையைக் கூலியின்றியோ பெயரளவுக் கூலிக்கோ சுமக்கும்படி ஊர்மக்களைக் கட்டாயப்படுத்திய 'கூலி பேகார்' முறை நூறாண்டுக்கும் மேல் நீடித்தது. யாருடைய முறை எப்போது என்று எழுதிவைத்த பதிவேடுகள் ஊர்த்தலைவர்களிடம் இருந்தன. 1921 ஜனவரியில், பாகேஷ்வரில் உத்தராயணி திருவிழாவுக்குக் கூடிய மக்கள், பத்ரிதத் பாண்டே முதலியோர் தலைமையில், இனிச் சுமப்பதில்லை எனச் சூளுரைத்து அந்தப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தனர். இந்த இரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே எண்பது ஆண்டு இடைவெளி. முதல் நிகழ்ச்சியில் நீரின்மீது வைத்து ஒரு தாள் எழுதி வாங்கப்பட்டது. இரண்டாவதில் தாள்கள் நீரில் எறியப்பட்டன. படகைத் தோளில் ஏற்றி வந்தவர்களின் பெயர் நகர வரலாற்றில் நிலைக்கவில்லை. சுமக்க மறுத்தவர்களின் நாள் நிலைத்திருக்கிறது.

இன்று ஏரியின்மீது வாழ்வோர் துடுப்புப் படகோட்டிகள். பயணிக்கு ஒருமணி நேரப் பொழுதுபோக்கு, படகோட்டிக்கு அன்றாடப் பிழைப்பு. நகரத்தின் குடிநீரும் பெரும்பாலும் இந்த ஏரியைச் சார்ந்தே இருக்கிறது. கழிவு சேர்ந்து ஆழ்நீரில் உயிர்வளி குறைந்துபோனதால், 2007 முதல் அடியில் குழாய்கள் பதித்துக் காற்று செலுத்தப்படுகிறது. 2016, 2017 கோடைகளில் நீர்மட்டம் பெரிதும் தாழ்ந்து, கரையோரம் வெடித்த சேறு வெளித்தெரிந்தது. நீரேந்து பரப்பில் கட்டடங்கள் பெருகியதும் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் வழிகள் அடைபட்டதும் இதற்கான காரணங்களுள் முதன்மையாகச் சொல்லப்படுகின்றன. 'ஏரி யாருடையது' என்ற பழைய கேள்வி, 'ஏரிக்கு யார் பொறுப்பு' என்ற வடிவில் திரும்ப வந்திருக்கிறது. உரிமையாளர்களைக் கரையேற்றிவிட்டு உருவான ஊரில் பொறுப்பாளர்களைத் தேடுவது எளிதாக இல்லை.

ஆண்டுதோறும் நவம்பர் 18 அன்று நைனித்தால் தன் பிறந்தநாளைக் கொண்டாடுகிறது. மலைமுகட்டிலிருந்து ஒருவர் ஏரியைப் பார்த்த நாள் அது. பார்த்ததால் மட்டும் எந்த நிலமும் கைமாறுவதில்லை. மறு ஆண்டு, கரைக்குத் திரும்ப வேறு வழியின்றி ஒருவர் பென்சிலை வாங்கிய நாளுக்குப் பிறகுதான் அங்கே மனைகள் அளக்கப்பட்டன. அந்த நாளின் தேதியை நகர நாட்காட்டி குறித்துவைக்கவில்லை.